ஒன்றியம்னா என்ன, அது எங்கிருந்து வந்துச்சு?

நீங்க கேட்டது ‘ஒன்றிய அரசு’ சரியா, ‘மத்திய அரசு’ சரியா, ஒன்றியம்னா ஊராட்சி ஒன்றியம்தானே, டெல்லியை மட்டம் தட்டத்தான் அப்படி சொல்றாங்களா, அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு. ஒரே கேள்வி மாதிரி தெரிஞ்சாலும் உள்ள மூணு விஷயம் பின்னிக்கிட்டு கெடக்கு. யூனியன்ங்கற சொல்லை நம்ம அரசியலமைப்புல எந்த அர்த்தத்துல வச்சாங்கங்கறது ஒண்ணு, அதுக்குத் தமிழ்ல ஒன்றியம்னு சொல்றது பொருந்துமாங்கறது இன்னொண்ணு, அப்படி சொல்றதால மாநிலங்களுக்கு ஏதாவது அதிகாரம் கூடுதாங்கறது மூணாவது. மூணாவதை நீங்க வெளிப்படையா கேக்கல, ஆனா இந்த சண்டையே அதை வச்சுதான் நடக்குது, அதனால அதையும் சேத்தே சொல்றேன். நான் சட்டம் படிச்சவன், பல வருஷமா கோர்ட் பேப்பர், அரசாணை, ஒப்பந்தம் இதையெல்லாம் தமிழுக்குக் கொண்டு வர்றதுதான் என் தொழில். அதனால சட்டம் பத்தி சொல்றது ஆவணத்துல இருக்கறது, சொல்லோட வேர் பத்தி சொல்றது தொழில்ல பழகினவன் பேச்சு, மொழியியல் அறிஞர் தீர்ப்பு கிடையாது, அந்த வித்தியாசத்தோட படிங்க.

சந்தேகமே இல்லாத இடத்துல இருந்து ஆரம்பிக்கறேன். அரசியலமைப்போட முதல் பிரிவு இந்தியா, அதாவது பாரதம், மாநிலங்களின் ஒன்றியமா இருக்கும்னு சொல்லுது, ஆங்கில மூலத்துல அந்த இடத்துல இருக்கற சொல் யூனியன். அஞ்சாவது பாகத்துக்குத் தலைப்பே யூனியன்தான், அதிகாரப் பட்டியல்ல முதலாவது யூனியன் லிஸ்ட், 300ஆவது பிரிவுல இந்திய அரசு வழக்கு போடறதும் வழக்குல நிக்கறதும் ‘யூனியன் ஆஃப் இந்தியா’ங்கற பேர்லதான்னு இருக்கு. இங்கிலீஷ் பேப்பர்ல எத்தனையோ வருஷமா யூனியன் மினிஸ்டர், யூனியன் பட்ஜெட், யூனியன் ஹோம் செக்ரட்டரின்னுதான் போடறான், ஒருத்தரும் இது டெல்லியை அவமானப்படுத்துதுன்னு சண்டைக்கு வந்தது கிடையாது, அதே யூனியன் மினிஸ்டர் தமிழ்ப் பேப்பருக்கு வரும்போது மத்திய அமைச்சரா மாறிடறார், யூனியன் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் மத்திய பணியாளர் தேர்வாணையமா மாறிடுது. அப்படிப் பாத்தா நாமதான் இத்தனை நாளா மூலத்துல இல்லாத சொல்லைப் போட்டுக்கிட்டு இருந்தோம். இந்தி வாசகத்துல அந்த இடத்துல ‘சங்’னு இருக்கு, சங்கம்ங்கற அதே சொல், அங்கயும் ‘கேந்திர’ கிடையாது, ஆனா பேச்சுல அவங்களும் ‘கேந்திர சர்க்கார்’னுதான் சொல்றாங்க.

அப்ப மத்திய அரசுங்கறது தப்பான்னா, அதுவும் இல்ல. அந்த சொல்லுக்குத் தனியா ஒரு சரித்திரம் இருக்கு. 1919 இந்திய அரசுச் சட்டத்துல இரட்டை ஆட்சி (மாகாணத்துல சில துறை அமைச்சர்கள்கிட்ட, மீதி கவர்னர்கிட்ட) கொண்டு வந்தப்போ விஷயங்களை சென்ட்ரல், ப்ரொவின்ஷியல்னு ரெண்டா பிரிச்சாங்க, டெல்லியில சென்ட்ரல் லெஜிஸ்லேட்டிவ் அசெம்ப்ளி இருந்துச்சு. அன்னிக்கு மாகாணங்கள்னா நடுவுல இருக்கற ஒரே ஆட்சியோட கிளைகள் மாதிரி, கொடுக்கற அதிகாரம் மேல இருந்து கீழ வரும், அதனால சென்டர்ங்கற சொல் அந்த நிலைமைக்கு கச்சிதமா பொருந்துச்சு. சுதந்திரத்துக்கப்புறமும் சட்டத்துல அது போயிடல, சட்டங்கள்ல வர்ற பொதுச் சொற்களுக்கு விளக்கம் குடுக்கற 1897 ஜெனரல் க்ளாசஸ் சட்டத்துல சென்ட்ரல் கவர்ன்மென்ட்டுக்கு விளக்கமே இருக்கு, நாடாளுமன்றம் போடற எத்தனையோ சட்டத்துல ‘சென்ட்ரல் கவர்ன்மென்ட் அறிவிக்கை மூலம்’னுதான் வரும், அதை மொழிபெயர்க்கும்போது நானும் மத்திய அரசுன்னுதான் போடுவேன், ஏன்னா மூலத்துல இருக்கறது அது. நடுவண் அரசு, மைய அரசு ரெண்டும் அதே சென்டரைத் தமிழ் வேர்ல சொல்றது, அவ்ளோதான் வித்தியாசம். ஆக மத்தியங்கறதுக்கும் சட்டத்துல இடம் இருக்கு, ஒன்றியங்கறதுக்கும் அரசியலமைப்புல இடம் இருக்கு. ரெண்டுல ஒண்ணு சட்டவிரோதம்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகந்துடுங்க.

இப்ப யூனியன் எப்படி உள்ள வந்துச்சுங்கறது, இங்கதான் ஆளாளுக்கு அவங்கவங்க வசதிக்கு ஒரு கதை சொல்றாங்க. யூனியன் லத்தீன்ல இருந்து வர்ற சொல், ஊனுஸ்னா ஒண்ணு, ஊனியோன்னா ஒண்ணா இருக்கறது. ஃபெடரேஷன்ங்கறது வேற வேர், ஃபொய்டுஸ்னா ஒப்பந்தம், உடன்படிக்கை. அதாவது சொல்லோட வேரைப் பாத்தா ஃபெடரேஷன்ல தனித்தனியா இருந்தவங்க உக்காந்து பேசி கையெழுத்துப் போட்டு சேர்ந்தாங்கங்கற வாசனை இருக்கு, யூனியன்ல எப்படி சேர்ந்தாங்கங்கற பேச்சே இல்ல, சேர்ந்து ஒண்ணா இருக்காங்க அவ்ளோதான். இந்த வேர் வித்தியாசத்தை மனசுல வச்சுக்கங்க, அம்பேத்கர் சொன்ன காரணம் இதுமேலதான் நிக்குது.

1935 சட்டம் கொண்டு வர நினைச்சது ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா. மாகாணங்களும் சமஸ்தானங்களும் சேர்ந்த ஒரு அமைப்பு, ஆனா சமஸ்தான ராஜாக்கள் போதுமான எண்ணிக்கையில சேரவே இல்ல, அதனால அந்த ஃபெடரேஷன் காகிதத்துலயே நின்னுடுச்சு. அதுக்கப்புறம் 1946 மே 16ல கேபினட் மிஷன் திட்டம், அதாவது பிரிட்டிஷ் அரசு அனுப்பின அமைச்சர்கள் குழுவோட திட்டம், வந்துச்சு. அதுலதான் ‘யூனியன் ஆஃப் இந்தியா’ங்கற பேச்சு வருது, ஆனா அந்த யூனியன் எப்படின்னு பாருங்க: வெளியுறவு, பாதுகாப்பு, தகவல் தொடர்பு, இந்த மூணு மட்டும்தான் அதோட கையில, மத்த எல்லா அதிகாரமும் மாகாணங்களுக்கு, மாகாணங்கள் குழு குழுவா சேரலாம், பத்து வருஷம் கழிச்சு இந்த ஏற்பாட்டையே மறுபரிசீலனை பண்ணச் சொல்லலாம். முஸ்லிம் லீக்கையும் காங்கிரஸையும் ஒரே கூரைக்குள்ள வைக்கறதுக்குப் பண்ணின நோஞ்சான் யூனியன் அது. அதே வருஷம் டிசம்பர் 13ல நேரு அரசியல் நிர்ணய சபையில குறிக்கோள் தீர்மானம் கொண்டு வர்றார், அதுலயும் யூனியன்தான், அதுலயும் யூனியன்ல சேர்ற உறுப்புப் பகுதிகள் தன்னாட்சி உள்ளவை, எஞ்சிய அதிகாரங்கள் (யூனியனுக்குன்னு பேர் சொல்லிக் குடுக்காத மீதி அதிகாரங்கள்) அவங்ககிட்டயே இருக்கும்னுதான் எழுதியிருக்கு. இன்னிக்கு மாநில சுயாட்சி பேசறவங்க கனவுல கூட கேக்கத் தயங்கற அளவுக்கு அந்த வாசகம் தாராளமானது.

1947 ஜூன் 3ல பிரிவினைத் திட்டம் வந்ததும் எல்லாமே மாறிடுச்சு. யாரை உள்ள வச்சுக்கறதுக்காக மையத்தை பலவீனமா வச்சாங்களோ அவங்க தனியா போயாச்சு, இனி எதுக்கு பலவீனம்னு கேள்வி வந்துடுச்சு, கூடவே கலவரம், அகதிகள், சமஸ்தானங்கள் பிரச்சினை. சில நாள்லயே அரசியல் நிர்ணய சபையோட கமிட்டிகள் வலுவான மையத்தோட கூடிய கூட்டாட்சின்னு முடிவுக்கு வந்துட்டாங்க. இதுல ஒரு வேடிக்கை, அப்படி முடிவு பண்ணின கமிட்டிகளோட பேர் யூனியன் பவர்ஸ் கமிட்டி, யூனியன் கான்ஸ்டிட்யூஷன் கமிட்டி, அவங்க சிபாரிசு பண்ணின சொல் ஃபெடரேஷன். யூனியன்னு பேர் வச்ச கமிட்டி ஃபெடரேஷன்னு எழுதுது, அதுக்கப்புறம் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு 1948 பிப்ரவரியில டிராஃப்டைக் குடுக்கும்போது அதை மறுபடி யூனியன்னு மாத்துது. அப்ப சொல் பழையபடி வந்துச்சே தவிர 1946ல அதுக்கு இருந்த அர்த்தம் திரும்பி வரல. எஞ்சிய அதிகாரத்தை எடுத்துப் பாருங்க, 1946 தீர்மானத்துல உறுப்புகள்கிட்ட இருந்தது, இன்னிக்கு 248ஆவது பிரிவுல நாடாளுமன்றத்துகிட்ட இருக்கு.

ஏன் மாத்தினோம்னு அம்பேத்கரே 1948 நவம்பர் 4ல சபையில விளக்கியிருக்கார், அந்தப் பேச்சுதான் இந்த விஷயத்துல இருக்கற முக்கியமான சாட்சி. ஃபெடரேஷன்னு போட்டிருக்கணும்னு சிலர் ஆட்சேபிக்கறாங்களேன்னு ஆரம்பிச்சு, ஒற்றையாட்சியா இருக்கற தென்னாப்பிரிக்காவும் யூனியன்னு சொல்லிக்குது, கூட்டாட்சியா இருக்கற கனடாவும் யூனியன்னு சொல்லிக்குது, அதனால இந்தச் சொல்லை வச்சதுல மரபு மீறல் எதுவும் இல்லைங்கறார். அப்புறம் அசல் காரணத்துக்கு வர்றார். இந்தியா கூட்டாட்சியா இருந்தாலும் இது மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டு சேர்ந்து உண்டானது கிடையாது, ஒப்பந்தத்துல பிறக்காததால எந்த மாநிலத்துக்கும் பிரிஞ்சு போற உரிமை கிடையாது, இது அழிக்க முடியாதது, அதனாலதான் யூனியன். அமெரிக்காக்காரங்க இதை நிலைநாட்டறதுக்கு ஒரு உள்நாட்டுப் போரே நடத்த வேண்டியிருந்துச்சு, நாம அதை ஆரம்பத்துலயே தெளிவா எழுதிடறது நல்லதுன்னு நினைச்சோம்ங்கறதுதான் அவர் சொன்னதோட சாரம். பதினோரு நாள் கழிச்சு, நவம்பர் 15ல, சபை உறுப்பினர் கே.டி. ஷா செக்யூலர், ஃபெடரல், சோஷலிஸ்ட்னு மூணு சொல்லை யூனியனுக்கு முன்னாடி சேக்கணும்னு திருத்தம் கொண்டு வந்தார், அது தோத்துப் போச்சு. முதல் பிரிவு இன்னிக்கு இருக்கற வடிவத்துல ஏற்கப்பட்டது 1949 செப்டம்பர் 18ல.

இதை ஏன் இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, ஒன்றிய அரசுன்னு சொல்றவங்கள்ல நிறைய பேர் ‘மாநிலங்கள் சேர்ந்து உண்டாக்கினதுதான் ஒன்றியம், அந்த சொல்லுலயே அது இருக்கு’ன்னு வாதம் பண்றாங்க. அம்பேத்கர் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததே அப்படி ஒரு அர்த்தம் வந்துடக்கூடாதுன்னுதான். அவர் பார்வையில இது நாலு வீட்டுக்காரங்க சேர்ந்து பொதுவா காம்பவுண்ட் சுவர் கட்டிக்கிட்ட கதை கிடையாது, ஒரே வீட்டுக்குள்ள வசதிக்கு அறை தடுத்துக்கிட்ட கதை. இன்னொரு பக்கம், ஒன்றிய அரசுன்னா பிரிவினைவாதம்னு குதிக்கறவங்களும் அதே பேச்சைப் படிக்காதவங்கதான், பிரிஞ்சு போக முடியாதுன்னு காட்டறதுக்கே வச்ச சொல்லை பிரிவினை அடையாளம்னு சொல்றது எனக்கு எப்பவும் விளங்கினது இல்ல. ரெண்டு தரப்பும் ஒரே ஆவணத்தைத் தலைகீழா பிடிச்சுக்கிட்டு கத்தறாங்க.

ஆனா அம்பேத்கர் சொன்னதை அப்படியே முழு உண்மையா எடுத்துக்கணுமான்னா, அங்க எனக்கு ஒரு ஆட்சேபம் உண்டு, இது என் கருத்து, ஆவணம்னு நினைச்சுடாதீங்க. ஒப்பந்தம் இல்லைங்கறது பிரிட்டிஷ் மாகாணங்களுக்கு சரி, சென்னை மாகாணம் யார்கிட்டயும் கையெழுத்துப் போட்டு சேரல. சமஸ்தானங்கள் விஷயம் அப்படி இல்ல, ஐநூத்துக்கும் மேல ராஜாக்கள் இணைப்பு ஆவணத்துல கையெழுத்துப் போட்டிருக்காங்க, அவங்க முதல்ல ஒப்புக்குடுத்தது பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு, அதாவது கேபினட் மிஷன் சொன்ன அதே மூணு. அப்புறம் படிப்படியா அதெல்லாம் கரைஞ்சுடுச்சு, புதுக்கோட்டை 1948 மார்ச்ல சென்னை மாகாணத்தோட சேர்ந்து திருச்சி ஜில்லாவுக்குள்ள போயிடுச்சு. ஆக ஒப்பந்தமே இல்லாம உண்டானதுன்னு சொல்றது பாதி வரலாறு, மீதி பாதி அந்த சபை எடுத்த முடிவு, இனிமே இப்படித்தான் பாக்கணும்ங்கற முடிவு. கோர்ட்டும் பிற்பாடு அந்தப் பக்கமே நின்னுச்சு, மேற்கு வங்காளம் நிலக்கரி நிலம் சம்பந்தமா போட்ட வழக்குல 1962 கடைசியில வந்த பெரும்பான்மைத் தீர்ப்பு மாநிலங்களுக்கு இறையாண்மை கிடையாதுன்னு சொல்லிடுச்சு, நீதிபதி சுப்பா ராவ் மட்டும் மாறுபட்டார். அதே உச்ச நீதிமன்றம் 1994ல எஸ்.ஆர். பொம்மைங்கறவர் போட்ட வழக்குல கூட்டாட்சி அரசியலமைப்போட அடிப்படைக் கட்டமைப்புன்னும் சொல்லிச்சு. ரெண்டும் சட்டம்தான், ரெண்டையும் ஒண்ணா வச்சுதான் வாழ்ந்துக்கிட்டு இருக்கோம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1869ல டெக்சஸ் வழக்குல ஒரு வாசகம் சொல்லிச்சு, அழிக்க முடியாத மாநிலங்களால ஆன அழிக்க முடியாத யூனியன்னு. நம்ம ஊர்ல பின்பாதி மட்டும்தான் உண்டு. மூணாவது பிரிவுல நாடாளுமன்றம் சாதாரண சட்டத்தாலயே ஒரு மாநிலத்தை ரெண்டாக்கலாம், எல்லையை மாத்தலாம், பேரை மாத்தலாம், சம்பந்தப்பட்ட சட்டசபையோட கருத்தைக் கேக்கணும், ஆனா அந்தக் கருத்துப்படி நடக்கணும்னு கட்டாயம் இல்ல. 2014ல ஆந்திர சட்டசபை வேண்டாம்னு சொன்ன மசோதாவே தெலங்கானாவா ஆச்சு. 2019ல ஜம்மு காஷ்மீர் மாநிலமே ரெண்டு யூனியன் பிரதேசமா ஆச்சு. மெட்ராஸ் ஸ்டேட்டுக்கு தமிழ்நாடுன்னு பேர் வைக்கணும்னு இங்க சட்டசபை 1967 ஜூலை 18ல தீர்மானம் போட்டாலும் நாடாளுமன்றம் சட்டம் போட்டு 1969 ஜனவரி 14லதான் அது நடைமுறைக்கு வந்துச்சு. நான் சேத்துக்கிட்ட அந்த மூணாவது கேள்விக்கு பதில் இந்தப் பிரிவுலதான் இருக்கு: ஒன்றியம்னு கூப்பிட்டாலும் மத்தியம்னு கூப்பிட்டாலும் மூணாவது பிரிவு அப்படியேதான் இருக்கும், யூனியன் லிஸ்ட்ல இருந்து ஒரு வரி கூட மாநிலப் பட்டியலுக்கு நகராது.

வெளிநாட்டுல பாத்தாலும் அப்படித்தான், யூனியன்னு பேர்ல இருக்கறதால பலமானதுன்னோ பலவீனமானதுன்னோ முடிவு பண்ண முடியாது. சோவியத் யூனியனோட 1977 அரசியலமைப்புல 72ஆவது பிரிவுல ஒவ்வொரு குடியரசும் சுதந்திரமா பிரிஞ்சு போகலாம்னே எழுதியிருந்துச்சு, ஆனா நடைமுறையில அதைவிட இறுக்கமான மையம் கிடையாது, 1991ல கலைஞ்சப்போதான் அந்தப் பிரிவுக்கு உயிர் வந்துச்சு. பக்கத்துல பர்மா, யூனியன் ஆஃப் பர்மான்னு 1948 ஜனவரியில சுதந்திரம் வாங்கினப்போ அவங்க அரசியலமைப்புல பத்து வருஷம் கழிச்சு பிரிஞ்சு போற உரிமைக்குத் தனி அத்தியாயமே இருந்துச்சு. அம்பேத்கர் குழு டிராஃப்ட் எழுதிக்கிட்டு இருந்த அதே சமயம், அதே சொல், நேரெதிர் அர்த்தம். ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்துல விலகறதுக்குன்னு இருக்கற 50ஆவது பிரிவை வச்சு பிரிட்டன் 2020 ஜனவரி 31ல கதவைத் திறந்துக்கிட்டு வெளிய போயாச்சு. அந்த பிரிட்டனே 1707லயும் 1801லயும் யூனியன் சட்டம் போட்டு உண்டானதுதான், அதுல அயர்லாந்தோட பெரும் பகுதி 1922ல விலகிடுச்சு.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ஒன்றியம்ங்கறது ஒன்றுங்கற வினையில இருந்து வந்தது, மனசு ஒன்றிப் படிக்கறது, ஒன்றிப்போறதுன்னு சொல்றோமே அந்த ஒன்று. எண்ணுக்கு இருக்கற ஒன்றும் இதுவும் ஒரே வேர்தான், லத்தீன்ல ஊனுஸ்ல இருந்து ஊனியோ வந்த அதே மாதிரி. குறள்ல பகைவருக்கு ஒன்னார்னு ஒரு சொல் வரும், ஒன்றாதவர், மனசு சேராதவர்னு அர்த்தம், அவ்ளோ பழைய வேர் இது. யூனியனுக்கு இவ்ளோ நேரா பொருந்தற தமிழ்ச் சொல் அமையறது அதிர்ஷ்டம்னுதான் சொல்லுவேன், மொழிபெயர்ப்பு வேலையில தினமும் இப்படி வாய்க்காது. ஐக்கியம்னும் சொல்லலாம், அது ஏகத்துல இருந்து வந்த வடசொல், ஆனா அதை யுனைடெட்டுக்கு ஏற்கனவே குடுத்தாச்சு, ஐக்கிய நாடுகள், ஐக்கிய இராச்சியம்னு. கூட்டாட்சியை ஃபெடரேஷனுக்குக் குடுத்தாச்சு, இலங்கைத் தமிழ்ல அதுக்கு சமஷ்டின்னு சொல்லுவாங்க. அரசியலமைப்போட தமிழாக்கத்துலயும் யூனியனுக்கு ஒன்றியம்தான், சோவியத் ஒன்றியம், ஐரோப்பிய ஒன்றியம்னு எழுதும்போது யாருக்கும் உறுத்தவும் இல்ல.

உறுத்தறது ஊராட்சி ஒன்றியத்தாலதான்னு நீங்க சொன்னது நியாயமான கவனிப்பு. தமிழ்நாட்டுல ஒன்றியம்னதும் ஞாபகத்துக்கு வர்றது பி.டி.ஓ. ஆபீஸ், யூனியன் சேர்மன், யூனியன் ரோடு. அந்த அமைப்பு 1958 சென்னை பஞ்சாயத்துச் சட்டத்துல வந்தது, கிராமப் பஞ்சாயத்துகள் பலதைச் சேர்த்து ஒரு பஞ்சாயத்து யூனியன். யூனியன்ங்கற சொல் நம்ம உள்ளாட்சியில அதுக்கும் ரொம்ப முன்னாடியே இருந்துச்சு, 1884 சென்னை லோக்கல் போர்டு சட்டத்துல கிராமங்களைச் சேர்த்து யூனியன்னு அமைச்சாங்க, வங்காளத்துப் பக்கம் அதே மாதிரி யூனியன் போர்டு வந்து இன்னிக்கும் பங்களாதேஷ்ல யூனியன் பரிஷத்னு இருக்கு. அதாவது இந்திய யூனியன் பொறக்கறதுக்கு அறுபது வருஷத்துக்கும் முன்னாடியே ஊர் யூனியன் பொறந்தாச்சு. ரெண்டு இடத்துலயும் சொல் ஒரே வேலையைத்தான் செய்யுது, பலது சேர்ந்து ஒண்ணு, அளவுதான் வேற. மன்றம்னு சொன்னா ரசிகர் மன்றமும் உண்டு நாடாளுமன்றமும் உண்டு, அதுக்காக நாடாளுமன்றம்னு சொல்றவரை யாரும் கோவிச்சுக்கறதில்ல. ஆனா 2021 மே மாசம் ஆட்சி மாறினதும் அரசு பேச்சுலயும் அறிக்கையிலயும் ஒன்றிய அரசுன்னு அழுத்தமா சொல்ல ஆரம்பிச்சது ஒரு அரசியல் செயல், அதை இல்லைன்னு சொன்னா பொய். ஜூன்ல சட்டசபையில கேள்வி வந்தப்போ முதலமைச்சர் ஸ்டாலின் முதல் பிரிவைக் காட்டி இது அரசியலமைப்புல இருக்கறதுதான்னு பதில் சொன்னார், அந்தச் சொல்லைத் தடை பண்ணணும்னு போட்ட மனுவை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தள்ளுபடி பண்ணிடுச்சு. சட்டப்படி விஷயம் அதோட முடிஞ்சுது. சொல்றவர் மனசுல மட்டம் தட்டற எண்ணம் இருக்கான்னு சொல்லை வச்சு கண்டுபிடிக்க முடியாது, சொல்றவர் தொனியை வச்சுதான் பாக்கணும்.

தமிழ்ல இந்தச் சொற்களுக்காக இதைவிடப் பெரிய பஞ்சாயத்து நடந்த இடம் இலங்கை. 1978 அரசியலமைப்புல அது ஒற்றையாட்சி அரசு. 1995ல சந்திரிகா அரசு வச்ச தீர்வு யோசனையில ஒற்றையாட்சியை எடுத்துட்டு பிராந்தியங்களின் ஒன்றியம்னு எழுதிப் பாத்தாங்க, அது நிறைவேறல. 2017 செப்டம்பர்ல புது அரசியலமைப்புக்காக வந்த இடைக்கால அறிக்கையில இங்கிலீஷ்ல யூனிட்டரிங்கற சொல்லே வேண்டாம், சிங்களத்துல ஏகிய ராஜ்ய, தமிழ்ல ஒருமித்த நாடுன்னு வைக்கலாம்னு சொன்னாங்க. உடனே தமிழர் தரப்புல சிலர் ஏகியன்னா பழைய ஒற்றையாட்சியேதான், ஒருமித்தங்கறது நம்ம கண்ணைக் கட்டறதுன்னாங்க, சிங்களத் தரப்புல சிலர் ஒருமித்தங்கறதுக்குள்ள சமஷ்டி ஒளிஞ்சிருக்குன்னாங்க. அங்க ஒரு சொல் தப்பினா உரிமையே தப்பிடும், ஏன்னா அது இன்னும் எழுதி முடிக்காத அரசியலமைப்போட வாசகம். நம்ம ஊர்ல வாசகம் 1950ல இருந்து மாறாம கெடக்கு, நாம அதை எப்படி வாசிக்கறதுன்னுதான் பேசிக்கிட்டு இருக்கோம், அதனால இங்க இருக்கற சூட்டை அங்க இருக்கறதோட ஒப்பிடவே கூடாது.

கடைசியா, போட்டித் தேர்வுக்குப் படிக்கறதாவும் விடைத்தாள்ல எதை எழுதறதுன்னும் கேட்டிருந்தீங்க. கேள்வித்தாள்ல எந்தச் சொல் இருக்கோ அதையே விடை முழுக்க வச்சுக்கங்க, நடுவுல மாத்தாதீங்க. முதல் பிரிவு, அதிகாரப் பட்டியல்கள் இருக்கற ஏழாவது அட்டவணை, 300ஆவது பிரிவு இதெல்லாம் வர்ற இடத்துல ஒன்றியம்னு எழுதறதுதான் துல்லியம், நாடாளுமன்றச் சட்டம் ஒண்ணுல சென்ட்ரல் கவர்ன்மென்ட்டுன்னு இருக்கறதைச் சொல்லும்போது மத்திய அரசு. வழக்கு மனுவுல எதிர்மனுதாரர் பேர் எழுதற இடத்துல இந்திய ஒன்றியம்னுதான் வரணும், அங்க மத்திய அரசுன்னு போட்டா ரிஜிஸ்ட்ரியில திருப்பி அனுப்ப வாய்ப்பு இருக்கு. யூனியன் பிரதேசம்ங்கறதை ஒன்றியப் பகுதின்னு நிறைய பேர் எழுத ஆரம்பிச்சுட்டாங்க, புரியுது, ஆனா புதுச்சேரிக்காரங்ககிட்ட யூனியன் பிரதேசம்னு சொன்னாத்தான் சட்டுனு பிடிபடும், ரெண்டுல எதை எழுதினாலும் மார்க் குறையாது.